சாங்சுவான் தீவில் ஓர் உழைச்செல்வான்

நோய் தீர மருந்து ஒன்றே போதும் என்று எண்ணுவோர் உளர். வள்ளுவப் பெருந்தகை அவ்வாறு எண்ணினாரில்லை. மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் அவர் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுத்துக் காட்டுகிறார். நோயுற்றவன், நோய் தீர்க்கும் மருத்துவன், அவன் கையாளும் மருந்து, நோயாளியின் அருகிலிருந்து பணிவிடை புரியும் உழைச்செல்வான் என்பனவே அந்நான்கு. முதல் மூன்றையும் உலகம் எளிதில் நினைவில் வைத்துக்கொள்கிறது. மருத்துவனுக்குப் புகழ் உண்டு. மருந்துக்கு விலை உண்டு. நோயாளி பெயர் பெற்றவனாயின் அவனுக்கு வரலாற்றில் இடமும் உண்டு. இரவெல்லாம் கண்விழித்துத் தண்ணீர் கொடுத்த நான்காமவனை மட்டும் எழுதுவோரும் மறந்துவிடுகின்றனர், படிப்போரும் தேடுவதில்லை.

அந்த நான்காமவனை நினைவூட்டும் வரலாற்று நிகழ்ச்சி ஒன்று நம் மலாக்கா நகரோடு நெருங்கிய தொடர்புடையது. 1552ஆம் ஆண்டின் இறுதியில், சீன நாட்டுக் கரையை அடுத்த சாங்சுவான் என்னும் தீவில், பிரான்சிஸ் சவேரியார் என்னும் மறைப்பணியாளர் காய்ச்சலுற்று மாண்டார். அங்கே தேர்ந்த மருத்துவர் எவரும் இல்லை. நோய்க்கு ஏற்ற மருந்தும் இல்லை. வள்ளுவர் வகுத்த நான்கில் நோயாளியையன்றி எஞ்சியிருந்தது ஒரே ஒரு கூறுதான். அந்தோனியோ என்னும் பெயர் தாங்கிய சீன இளைஞர் ஒருவர் அந்நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்திருந்தார். சவேரியாரின் புகழை உலகம் அறியும். அந்தோனியோவை அறிந்தோர் எத்தனை பேர்?

பிறர் நோய் பேணியவர்

சவேரியார் 1506ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டின் வடபகுதியிலுள்ள நவாரா நாட்டில் உயர்குடியில் பிறந்தார். பாரிஸ் மாநகரில் கல்வி பயின்றபோது இக்னேஷியஸ் லொயோலாவின் நட்பைப் பெற்று, பின்னர் இயேசு சபை என்னும் துறவியர் அமைப்பின் முதல் உறுப்பினருள் ஒருவரானார். அக்காலத்தில் அவர் மேற்கொண்ட முதற்பணி மேடைப்பேச்சு அன்று. நோயாளர்க்குச் செய்த தொண்டேயாகும். 1537இல் வெனிஸ் நகரத்தில் தீரா நோயாளர்க்கென இருந்த மருத்துவமனையில் அவர் பணிவிடை செய்தார். படுக்கையைத் தூய்மை செய்வதும், புண்ணைக் கழுவுவதும், இறந்தோரை அடக்கம் செய்வதும் அன்றாட வேலையாக இருந்தன.

1541ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் அவர் லிஸ்பன் துறைமுகத்திலிருந்து கிழக்கு நோக்கிக் கப்பலேறினார். பருவக்காற்று தவறிவிடவே, கப்பல்கள் ஆப்பிரிக்கக் கரையிலுள்ள மொசாம்பிக்கில் பல திங்கள் தங்க நேர்ந்தது. அங்கே காய்ச்சல் கண்ட மாலுமிகளையும் படைவீரரையும் பேணிய சவேரியார், இறுதியில் தாமும் அதே காய்ச்சலில் வீழ்ந்தார். அக்கால மருத்துவ முறைப்படி அவர் உடலிலிருந்து பலமுறை குருதி வடிக்கப்பட்டது. ஆயினும் பிழைத்துக்கொண்டார். மொசாம்பிக்கில் மருத்துவமனை இருந்தது. ஆளுநரோடு வந்த மருத்துவர் இருந்தார். உடன்வந்த சபைத் தோழரும் இருந்தனர். பிற்காலத்தில் சாங்சுவானில் நேர்ந்ததை எடைபோடுவதற்கு இந்நிகழ்ச்சியை நாம் நினைவில் இருத்துதல் வேண்டும்.

1542ஆம் ஆண்டு மே திங்களில் அவர் கோவாவை அடைந்தார். அவ்வாண்டின் இறுதிப் பகுதியிலேயே தமிழகத்தின் முத்துக்குளித்துறைக் கரைக்குச் சென்றார். தூத்துக்குடி முதலிய கடற்கரைச் சிற்றூர்களில் பரதவ மக்களிடையே வாழ்ந்தார். சில மந்திரங்களையும் மறையுரைகளையும் மொழிபெயர்ப்பாளர் துணையுடன் தமிழில் எழுதச் செய்து, அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியை அடித்தவாறு தெருத்தெருவாக நடந்து சிறுவரைக் கூட்டினார். தமிழை அவர் ஆழ்ந்து கற்றார் என்று சொல்வதற்கில்லை. அப்பணியை அவருக்குப் பின்வந்த ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் என்பவரே செய்தார். தமிழ் கற்று, தமிழுக்கு இலக்கணக் குறிப்பு வகுத்து, 1578இல் கொல்லத்தில் தமிழெழுத்தால் தம்பிரான் வணக்கம் என்னும் நூலை அச்சேற்றியவர் அவர். புன்னைக்காயல் என்னும் மீனவர் ஊரில் நோயாளர்க்கென மருத்துவமனை அமைத்தவரும் அவரே.

சவேரியாரின் செயல்கள் அனைத்தையும் எல்லோரும் ஒருமனதாகப் போற்றினர் என்று கொள்ளலாகாது. அவர் போர்த்துக்கீசிய அரசின் ஆதரவோடு வந்தவர். கோவாவில் சமய விசாரணை மன்றம் அமைக்க வேண்டுமென 1546இல் அரசருக்குக் கடிதம் எழுதியவர். அம்மன்றம் அவர் மறைந்தபின் 1560இல் அமைந்து, பலருக்குப் பெருந்துன்பம் விளைத்தது. வரலாற்றை எழுதுவோன் இதனை மறைத்தல் தகாது. அதே வேளையில், சென்ற ஊர்தோறும் மருத்துவமனையைத் தேடிச்சென்று நோயாளரைப் பேணினார் என்பதும் வரலாற்று உண்மையே. 1545இல் முதன்முறையாக மலாக்காவுக்கு வந்தபோதும் இங்கிருந்த மருத்துவமனையில்தான் அவர் பெரும்பொழுதைச் செலவிட்டார். ஒரு மனிதரின் வாழ்வில் இவ்விரண்டும் ஒருங்கே இருந்தன.

மலாக்காவில் நேர்ந்த தடை

1549ஆம் ஆண்டு ஜூன் திங்களில் மலாக்காவிலிருந்து சீன மரக்கலம் ஒன்றில் புறப்பட்ட சவேரியார், ஆகஸ்டு திங்களில் ஜப்பானை அடைந்தார். இரண்டாண்டுக்கு மேல் அங்குத் தங்கிப் பணிபுரிந்தார். அங்கே ஜப்பானிய அறிஞர்கள் அவரிடம் ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டனர். “நீர் கூறுவது உண்மையாயின், அறிவிற் சிறந்த சீனர் இதனை அறியாதிருப்பது எங்ஙனம்?” என்பதே அக்கேள்வியின் பொருள். சீனத்துக்குச் செல்ல வேண்டும் என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் உறுதிப்பட்டது இதனால்தான்.

ஆனால் அக்காலத்தில் சீனத்தின் கதவு அடைபட்டிருந்தது. மிங் பேரரசு கடல் வணிகத்துக்குக் கடுமையான கட்டுப்பாடு விதித்திருந்தது. 1511இல் மலாக்காவைக் கைப்பற்றிய போர்த்துக்கீசியர், 1517இல் தோமே பீரிஸ் என்பாரைத் தூதராகக் காண்டன் நகருக்கு அனுப்பினர். மலாக்காவின் வளத்தையும் வணிகத்தையும் விரிவாக எழுதிவைத்த அதே தோமே பீரிஸ்தான் அவர். அத்தூது தோல்வியில் முடிந்தது, தூதர் சிறைப்பட்டார், தாயகம் திரும்பவே இல்லை. அதன்பின் காண்டன் நகருள் நுழைந்த போர்த்துக்கீசியர் சிறைப்படுவது வழக்கமாயிற்று. ஆயினும் வணிகம் முற்றும் நின்றுவிடவில்லை. கரையோரத் தீவுகளில் மறைவாக நடைபெற்று வந்தது. காண்டனுக்குத் தென்மேற்கே கடலில் கிடந்த சாங்சுவான் அத்தகைய தீவுகளுள் ஒன்று.

சவேரியார் தனித்துச் செல்லாமல், அரசத் தூதுக்குழுவோடு முறைப்படி சீனம் செல்லத் திட்டமிட்டார். அவருடைய நண்பரான வணிகர் தியோகோ பெரேரா தூதராகச் செல்ல இசைந்தார். பரிசுப் பொருள்களுக்கும் பயணத்துக்கும் தம் செல்வத்தையே செலவிட்டார். சாந்தா குரூஸ் என்னும் அவருடைய கப்பலே தூதுக் கப்பலாக அமைந்தது. 1552ஆம் ஆண்டு ஏப்ரலில் கோவாவை விட்டுப் புறப்பட்ட சவேரியார் மலாக்காவுக்கு வந்து சேர்ந்தபோது, நகரம் கொள்ளைநோயால் வாடிக்கொண்டிருந்தது. வந்தவுடன் அவரும் தோழரும் நோயாளரைப் பேணுவதில் இறங்கினர்.

இங்கேதான் தடை முளைத்தது. அக்காலத்தில் மலாக்காவில் கடற்படைத் தலைமை வகித்தவர் அல்வாரோ தெ அத்தாயிதே. இவர் வாஸ்கோ ட காமாவின் மைந்தர். பெரேரா தூதராகச் செல்லக் கூடாது என்று மறுத்த அவர், சாந்தா குரூஸ் கப்பலின் சுக்கானைக் கழற்றி எடுத்துவரச் செய்தார். சவேரியார் எவ்வளவோ எடுத்துரைத்தும் பயனில்லை. முடிவில் பெரேரா மலாக்காவிலேயே நின்றுவிட, கப்பல் மட்டும் ஜூலை நடுவில் புறப்பட்டது. தூதுக்குழுவும் இல்லை; பரிசுப் பொருள்களும் இல்லை; அரசச் சின்னமும் இல்லை. சவேரியார் ஒரு சாதாரணப் பயணியாகவே அக்கப்பலில் ஏறினார்.

நோய் எப்பொழுது தொடங்குகிறது? உடலில் வெப்பம் ஏறும் நாளில் என்று நாம் கணக்கிடுவோம். வரலாற்றுக் கண் கொண்டு நோக்கினால், சவேரியாரின் இறுதி நோய் மலாக்காத் துறைமுகத்திலேயே தொடங்கிவிட்டது எனலாம். நண்பர் உடன் சென்றிருந்தால் உணவுக்கும் உடைக்கும் உறைவிடத்துக்கும் குறை நேர்ந்திராது. அதிகாரப் பூசல் ஒன்று, நான்கு திங்களுக்குப் பின் வரவிருந்த காய்ச்சலுக்கு அன்றே வழி வகுத்தது.

கூரைக் குடிசைகளும் மிளகுப் பேரமும்

ஆகஸ்டு இறுதியில் கப்பல் சாங்சுவானை அடைந்தது. போர்த்துக்கீசியர் அத்தீவில் நிலையான வீடு கட்டச் சீன அதிகாரிகள் இசைவதில்லை. ஆகையால் வணிகர்கள் மரக்கிளைகளை நட்டு, வைக்கோல் வேய்ந்து, தற்காலிகக் குடிசைகள் அமைத்துக்கொள்வர். வணிகம் முடிந்து திரும்பும்போது அவற்றை எரித்துவிட்டுச் செல்வர். பருவத்துக்குப் பருவம் தோன்றி மறையும் அச்சிற்றூரில், சவேரியாரும் வைக்கோலால் ஒரு சிறு வழிபாட்டுக் குடிலை அமைத்தார்.

அவரோடு இருந்தோர் மிகச் சிலரே. சபைச் சகோதரர் ஒருவர் உடன் வந்திருந்தார். ஆயினும் அவர் இப்பணிக்குத் தகுதியற்றவர் என்று கண்டு சவேரியார் அவரை விலக்கிவிட்டார். எஞ்சியோர் இருவர். ஒருவர் கிறிஸ்தோபர் என்னும் இந்தியப் பணியாளர். மற்றவர் அந்தோனியோ. சீனத்தில் பிறந்த இவர், கோவாவில் இருந்த தூய பவுல் கல்லூரியில் பல்லாண்டு பயின்றவர். சீன நாட்டில் தமக்கு மொழிபெயர்ப்பாளராக விளங்குவார் என்னும் நம்பிக்கையுடன் சவேரியார் அவரை அழைத்து வந்திருந்தார். ஆனால் பல்லாண்டு வேற்றுமொழியிலேயே பயின்றமையால், அந்த இளைஞர் தம் தாய்மொழியைப் பெரும்பாலும் மறந்துபோயிருந்தார். அதிகாரிகளிடம் பேசுதற்குரிய உயர்ந்த நடையை அவர் அறிந்திருக்கவே இல்லை.

தமிழ்ப்பள்ளியில் ஆசிரியத் தொழில் புரியும் எம்போன்றோர் இவ்விடத்தை எளிதில் கடந்துசெல்ல இயலாது. ஓர் இளம்பிள்ளையை அவன் மொழியினின்று பிரித்து, வேற்று மொழியில் வளர்த்து, பின்னொரு நாள் அவன் மக்களிடமே அவனைத் தூதாக அனுப்ப முயன்றனர். அவனோ சொந்த வீட்டு வாயிலில் நின்றும் கதவைத் தட்டச் சொல்லின்றி நின்றான். கல்லூரி அவனுக்கு இலத்தீன் கற்பித்தது. போர்த்துக்கீசிய மொழியும் கற்பித்தது. எதற்காக அவனைத் தேர்ந்தெடுத்தார்களோ, அந்த ஒன்றை மட்டும் காக்கத் தவறியது.

மொழித்துணை இன்றியும் சவேரியார் தம் முயற்சியைக் கைவிடவில்லை. தீவுக்கு வந்துபோகும் சீன வணிகர் பலரிடம், தம்மைக் காண்டனுக்கு அழைத்துச் செல்லுமாறு கேட்டார். தலை போகும் குற்றமாதலின் எவரும் இசையவில்லை. இறுதியில் ஒருவர் முன்வந்தார். இருநூறு குருசாதோ பெறுமானமுள்ள மிளகு அதற்குக் கூலி. தம் மைந்தரும் நம்பிக்கைக்குரிய ஏவலரும் மட்டுமே செலுத்தும் சிறு படகில் இரவில் ஏற்றிச்சென்று, மூன்று நான்கு நாள் தம் வீட்டில் மறைத்து வைத்து, ஒரு நாள் வைகறையில் நகர வாயிலில் விட்டுவிடுவதாக அவர் வாக்களித்தார். கூலியைப் பெற்றுக்கொண்டு கடலில் தள்ளிவிடக் கூடும் என்பதையும், தப்பிக் கரையேறினாலும் சிறையும் சித்திரவதையும் காத்திருக்கக் கூடும் என்பதையும் சவேரியார் அறிந்தே இருந்தார். அவருடைய கடிதங்களில் இவ்விரு இடர்களும் தெளிவாகக் குறிக்கப்பட்டுள்ளன. இவ்வழி அடைபட்டால், மறு ஆண்டு சயாம் நாட்டுக்குச் சென்று அந்நாட்டு மன்னரின் தூதுக்குழுவோடு சீனம் புகலாம் என்றும் எண்ணியிருந்தார்.

நவம்பர் திங்கள் பிறந்தது. வடக்கிலிருந்து குளிர்காற்று வீசலாயிற்று. வணிகம் முடித்த கப்பல்கள் ஒவ்வொன்றாகப் பாய் விரித்துச் சென்றன. குடிசைகள் எரிந்தன. நவம்பர் 13ஆம் நாள் சவேரியார் தம் இறுதிக் கடிதங்களை எழுதி, புறப்பட்ட கப்பலில் மலாக்காவுக்கு அனுப்பினார். வருவதாகச் சொன்ன சீன வணிகர் குறித்த நாளில் வரவில்லை. பின்னரும் வரவில்லை. துறையில் சாந்தா குரூஸ் ஒன்றே எஞ்சியிருந்தது. அக்கப்பலில் இருந்தோர் அத்தாயிதேயின் ஆட்களாதலின், அவரிடம் பரிவு காட்டத் தயங்கினர். உணவு அருகிற்று. அந்தோனியோ, இருப்போரிடம் சென்று உணவு கேட்டு வாங்கி வரும் நிலை ஏற்பட்டது.

பன்னிரண்டு நாள்

நவம்பர் 21ஆம் நாள் சவேரியாருக்குக் காய்ச்சல் கண்டது. தீவுக்கு வந்த புதிதிலும் ஒருமுறை காய்ச்சலுற்றுத் தேறியவர் அவர். உடல் முன்பே தளர்ந்திருந்தது. குடிசையின் குளிர் தாங்காது என்று கருதிக் கப்பலுக்குச் சென்று ஓர் இரவு தங்கினார். அலையின் ஆட்டம் நோயைப் பெருக்கியது. மறுநாளே கரைக்குத் திரும்பினார். கப்பலில் கிடைத்தவை, குளிருக்கு அணிந்துகொள்ளக் காற்சட்டை ஒன்றும் சிறிதளவு வாதுமைப் பருப்புமே. கடும் வெப்பத்தோடு திரும்பி வந்தவரைக் கண்ட போர்த்துக்கீசிய வணிகர் ஒருவர் இரங்கித் தம் குடிசையில் இடங்கொடுத்தார்.

அவ்வணிகரின் யோசனைப்படி சவேரியாருக்குக் குருதி வடிக்கப்பட்டது. அவர் மயங்கி விழுந்தார். மறுநாளும் அவ்வாறே செய்தனர், மீண்டும் மயங்கினார். பேதி மருந்தும் கொடுத்தனர். உடலில் தீய நீர்கள் மிகுவதே நோய்க்குக் காரணம் என்றும், அவற்றை வெளியேற்றினால் நோய் தீரும் என்றும் அக்கால ஐரோப்பிய மருத்துவம் நம்பியது. இன்று நாம் நோக்கும்போது, பட்டினியால் மெலிந்த உடலிலிருந்து எஞ்சிய வலிமையையும் அச்சிகிச்சை பறித்துவிட்டது என்பது விளங்குகிறது. அவருக்கு நேர்ந்தது நுரையீரலைப் பற்றிய அழற்சியாக இருக்கலாம் என்பது பிற்காலத்தார் பலர் கருத்து. மருத்துவன் இடத்தில் அனுபவமற்றோர் இருந்தனர். மருந்தின் இடத்தில் கத்தி இருந்தது. வள்ளுவர் கூறிய நான்கனுள் இரண்டு, இல்லாமையினும் தீயனவாக அமைந்துவிட்டன.

அதன்பின் அவரால் எதையும் உண்ண முடியவில்லை. வாதுமைப் பருப்பும் வாயில் இறங்கவில்லை. நினைவு தடுமாறியது. மேல்நோக்கிய கண்களோடு உரத்த குரலில் பல மொழிகளில் பேசினார். அவற்றுள் ஒரு மொழி தமக்கு விளங்கவில்லை என்று அந்தோனியோ பின்னர் குறிப்பிட்டார். பிறந்த மண்ணின் பாஸ்க் மொழியாக அது இருக்கக் கூடும் என்பர் ஆய்வாளர். பல நாடுகளில் பல மொழிகளைத் துணைக்கொண்டு வாழ்ந்தவரின் நாவில், நினைவு அழிந்த வேளையில் அன்னை ஊட்டிய மொழி வந்து நின்றது என்று கொள்வதில் வியப்பில்லை. அருகில் அமர்ந்து அதனைக் கேட்டவரோ, தம் தாய்மொழியை இழந்துவிட்ட இளைஞர்.

பின்பு பேச்சும் நின்றது. சில நாள் எவரையும் அடையாளம் காணவில்லை, எதையும் உண்ணவில்லை. அந்தோனியோ அவ்விடத்தை விட்டு அகலவில்லை. டிசம்பர் முதல் நாள் நினைவும் பேச்சும் சிறிது மீண்டன. 2ஆம் நாள் இரவு, முடிவு நெருங்கிவிட்டதை உணர்ந்த அந்தோனியோ விழித்திருந்தார். 3ஆம் நாள் விடியுமுன், எரியும் மெழுகுவர்த்தியை நோயாளியின் கையில் வைத்துத் தாம் பிடித்துக்கொண்டார். சவேரியாரின் உயிர் அமைதியாகப் பிரிந்தது. அவருக்கு அப்போது வயது 46. அவர் காண விரும்பிய பெருநிலம் கடலுக்கு அப்பால் சிறு தொலைவிலேயே கிடந்தது.

திருக்குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர், உழைச்செல்வானுக்கு வேண்டிய இயல்புகள் நான்கு என்பார். நோயாளியிடம் அன்புடைமை, மனமொழிமெய்களின் தூய்மை, சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் வன்மை, அறிவுடைமை என்பன அவை. அந்தோனியோவின் செயலை இவ்வளவுகோலால் அளந்து பாருங்கள். மருத்துவர் எவரும் ஏவாத இடத்தில், தாமே அறிந்து செய்தார். எல்லோரும் கப்பலின் வெப்பத்தை நாடிய வேளையில், வைக்கோற் குடிசையின் குளிரில் இருந்தார். அன்பு என்று பரிமேலழகர் முதலில் வைத்ததன் காரணம் இங்கே விளங்குகின்றது.

சுண்ணாம்பும் மண்ணும்

அடக்கத்துக்கும் ஆள் இல்லை. குளிரின் கொடுமையால் கப்பலில் இருந்தோரில் பெரும்பாலோர் கரைக்கு வரவில்லை. அந்தோனியோவோடு சேர்த்து நால்வரே சடலத்தைப் புதைத்தனர். தசை விரைவில் கரைந்துவிட்டால், கப்பல் திரும்பும்போது எலும்புகளையேனும் இந்தியாவுக்கு எடுத்துச் செல்லலாம் என்று கருதி, பெட்டியினுள் சடலத்தைச் சுற்றிச் சுண்ணாம்பை இட்டனர். இடம் மறந்துபோகாதிருக்கக் கற்களை அடையாளமாக வைத்தனர்.

1553ஆம் ஆண்டு பிப்ரவரியில் சாந்தா குரூஸ் புறப்பட ஆயத்தமாயிற்று. அவரை அத்தீவிலேயே விட்டுச் செல்லலாமா என்று அந்தோனியோ கப்பல் தலைவரிடம் கேட்டார். பெட்டியைத் திறந்து பார்த்தபோது சடலம் அழியாதிருந்தது என்று அங்கிருந்தோர் உரைத்தனர். அது கப்பலில் ஏற்றப்பட்டு, மார்ச் 22ஆம் நாள் மலாக்காவை அடைந்தது. சென்றபோது தடுத்து நிறுத்தப்பட்ட நண்பர் தியோகோ பெரேராவே முன்னின்று வரவேற்றார். குன்றின் மேலிருந்த அன்னை ஆலயத்தில், பெட்டியின்றி, வெறும் மண்ணில் சடலத்தை அடக்கினர். அவ்வாண்டு ஆகஸ்டில் மீண்டும் தோண்டி எடுக்கப்பெற்று, ஆண்டிறுதியில் கப்பலேறி, 1554 மார்ச்சில் கோவா சேர்ந்தது. 1622இல் திருச்சபை அவரைப் புனிதர் வரிசையில் சேர்த்தது. மலாக்காக் குன்றில், இன்று கூரையிழந்து நிற்கும் தூய பவுல் ஆலயச் சுவர்களின் நடுவே, கம்பி வேலியிட்ட வெறுங்குழியாக அக்கல்லறை காணப்படுகிறது.

செய்தி செல்லும் வேகத்தையும் இங்குக் கருதிப் பார்த்தல் வேண்டும். உரோமையிலிருந்த இக்னேஷியஸ் லொயோலா, சவேரியாரை ஐரோப்பாவுக்குத் திரும்புமாறு பணித்து ஒரு கடிதம் எழுதினார். அதன் நாள் 1553 ஜூன் 28. அன்றைக்குச் சவேரியார் இறந்து ஆறு திங்களுக்கு மேலாகியிருந்தது. தொலைவான ஊரில் நோயுறுவது என்பதன் முழுப்பொருள் இதுவே. நோயாளி அழைக்கும் குரல் உற்றாருக்கு எட்டுவதில்லை. உற்றார் அழைக்கும் குரல் வந்துசேரும்போது நோயாளி இருப்பதில்லை. இடையில் இருப்பவர் யாரோ, அவரே தாய், அவரே தந்தை, அவரே ஊர்.

எஞ்சும் பாடம்

சவேரியார் காணாத சீனத்தை, 1583ஆம் ஆண்டில் அவர் சபையைச் சேர்ந்த மத்தேயோ ரிச்சி முதலியோர் கண்டனர். சவேரியார் இறப்பதற்கு இரு திங்கள் முன்பு, 1552 அக்டோபரில்தான் ரிச்சி இத்தாலியில் பிறந்தார். அவரும் தோழரும் மிளகைக் கூலியாகக் கொடுத்து இரவில் நுழையவில்லை. சீன மொழியைக் கற்று, சீன நூல்களைப் பயின்று, சீன அதிகாரிகளின் இசைவோடு நுழைந்தனர். ரிச்சி 1610இல் பீக்கிங் மாநகரில் மறைந்தபோது, அரசரின் ஆணைப்படி அந்நகரிலேயே அடக்கத்துக்கு நிலம் வழங்கப்பட்டது. சாங்சுவானில் தோற்றது துணிவு அன்று. மொழியும் முன்னேற்பாடும் இல்லாமையே தோற்றது என்பதை இவ்விரு மரணங்களையும் அருகருகே வைத்து நோக்குவோர் உணர்வர்.

மற்றொரு பாடமும் உண்டு. அப்பன்னிரண்டு நாள்களைப் பற்றி உலகம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி அந்தோனியோ தந்த செய்தியேயாகும். காய்ச்சல் கண்ட நாள், கப்பலில் கழிந்த இரவு, மயக்கம், விளங்காத மொழி, மெழுகுவர்த்தி ஆகிய யாவும் அவர் கண்டு சொன்னவை. அவர் அவ்விடத்தை விட்டு அகன்றிருந்தால், பேரரசர்களுக்கும் போப்பாண்டவருக்கும் அறிமுகமான அந்த மனிதரின் முடிவு, பெயரறியாத் தீவில் நிகழ்ந்த பெயரறியா மரணமாகவே போயிருக்கும். அருகிருந்து பேணியவரே அருகிருந்து கண்டவராகவும் ஆனார். பின்னர் எழுதப்பட்ட பெரும் வரலாறுகள் அவர் சொல்லை எடுத்துக்கொண்டன. அவரைச் சில வரிகளில் அடக்கிவிட்டன.

மொழிபெயர்ப்பாளராகப் பயன்படவில்லை என்று எண்ணத்தக்க ஒருவரே, அனைவரினும் பயன்பட்டவராக முடிந்தார். பள்ளிக்கூடத்தில் நாம் மாணவரைத் தரம் பிரிக்கும்போதெல்லாம் நினைவிற் கொள்ளத்தக்க செய்தி இது. தேர்வில் அளக்கப்படும் திறன் வேறு. இக்கட்டில் வெளிப்படும் திறன் வேறு. முன்னதற்கு மதிப்பெண் உண்டு. பின்னதற்கு நம் ஏடுகளில் இடமே இல்லை.

ஆண்டுதோறும் நம் பள்ளி மாணவர் மலாக்காவுக்குச் சுற்றுலாச் செல்கின்றனர். கோட்டை வாயிலைக் காண்கின்றனர். குன்றின் மேல் ஏறுகின்றனர். ஆலயத்தின் முன்னிற்கும் சவேரியாரின் உருவச்சிலையையும் காண்கின்றனர். உடன் செல்லும் ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். 1511ஐயும் 1552ஐயும் சொல்லிக்கொடுங்கள், ஆண்டுகள் வேண்டியனவே. சுக்கானைக் கழற்றிய அதிகாரியின் பெயரையும் சொல்லுங்கள். அதன்பின், அங்கே சிலையோ கல்வெட்டோ இல்லாத அந்தோனியோவின் பெயரையும் ஒருமுறை சொல்லுங்கள். நோயுற்றவன், மருத்துவன், மருந்து, உழைச்செல்வான் என்று வள்ளுவர் நான்காகப் பகுத்தது எதற்காக என்பது அம்மாணவருக்கு அன்று விளங்கும்.